உயிரோடு இருப்பவனுக்கு ஒரு மாலை

திண்டுக்கல் பக்கத்து ஆத்தூரில் கௌசல்யாவைக் கேலி செய்ய வேண்டுமென்றால் அவள் பேச்சில் வருகிற 'ங்க'வைத்தான் பிடித்துக்கொள்வார்கள். பழனிக்கு அந்தப் பக்கம் கீரனூரில் பிறந்து வளர்ந்தவள். வாக்கப்பட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அந்த மரியாதை அவள் நாக்கை விட்டுப் போகவில்லை. "எம்மருமக மாட்டக்கூட 'நகருங்க'ன்னுதான் சொல்லுவா" என்று மாமியார் ஒச்சம்மாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

புருஷன் மோகன்குமார் ராணுவத்தில் நாயக். வருடத்தில் இரண்டு தடவை லீவில் வருவான். மற்ற நாளெல்லாம் வீட்டுக்கு ஆம்பளையும் கௌசல்யாதான், பொம்பளையும் கௌசல்யாதான். அணைக்குக் கீழே வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் சம்பங்கி போட்டிருந்தாள். விடியுமுன் பூ எடுத்து மூட்டை கட்டி, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போகும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்துதான் காப்பி குடிப்பாள். பிறகு மாடு, பால் சொசைட்டி, சமையல், மகள் அறிவுச்செல்வியைப் பள்ளிக்கு அனுப்புவது. இதற்கு நடுவில் போன்.

ராணுவத்துக்காரன் பெண்டாட்டிக்குப் போனில் பேசுவதே ஒரு பாடம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் வராது. "சாப்டீங்களா?" என்று கேட்பாள். "சாப்ட்டேன்" என்று வருகிற குரலில் மூச்சு வாங்குகிறதா, பின்னால் காற்று இரைகிறதா, யாராவது இந்தியில் அதட்டுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். மலை மேலே இருக்கிறானா, கீழே இறங்கியிருக்கிறானா என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

இந்தப் பாடத்தை அவளோடு சேர்ந்து படித்தவள் ஐரின். திண்டுக்கல் மரியநாதபுரத்துப் பெண். கௌசல்யாவைவிடச் சின்னவள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. அவள் புருஷன் அருள்நாதன், மோகன் இருக்கிற அதே பட்டாலியனில் சிப்பாய். திண்டுக்கல் ஜில்லாவிலிருந்து அந்த பட்டாலியனில் இருந்தது அவர்கள் இருவர் மட்டும்தான். ஒரு தடவை புருஷன்மாரை ரயிலேற்றி விட வந்த இடத்தில், வண்டி போன பிறகு பிளாட்பாரத்தில் தனியாக நின்ற இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அன்று தொடங்கிய பழக்கம். ஒருத்திக்குப் போன் வந்தால் உடனே அடுத்தவளுக்குச் சொல்லிவிடுவாள். ஒருவன் நன்றாக இருக்கிறான் என்றால் மற்றவனும் நன்றாக இருக்கிறான் என்றுதான் அர்த்தம். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

எல்லையில் சண்டை மூண்ட அந்த மே மாதம் இந்தக் கணக்கு கெட்டது.

பள்ளி விடுமுறை என்பதால் அறிவுச்செல்வி கீரனூரில் மாமா வீட்டில் இருந்தாள். வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். டிவியில் ராத்திரி வானத்தில் நெருப்புப் பொறிகள் பறந்துகொண்டே இருந்தன. டீக்கடையில் ஆம்பளைகள் கபடிப் பந்தயத்துக்குக் கணக்குச் சொல்வதுபோல எத்தனை விமானம், எத்தனை ஏவுகணை என்று பேசினார்கள். ஏடிஎம் எல்லாம் மூடப்போகிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பி, செம்பட்டி பெட்ரோல் பங்கில் வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றன. பலசரக்குக் கடையில் அரிசி மூட்டையை ஆளுக்கு இரண்டாகத் தூக்கிப் போனார்கள். எங்கேயோ நடக்கிற சண்டைக்கு இங்கே ஏன் இப்படி அலைகிறார்கள் என்று கௌசல்யாவுக்குப் புரியவில்லை. அவளுக்கு அரிசியைப் பற்றிய நினைப்பே இல்லை.

மோகன் கடைசியாகப் பேசியது புதன்கிழமை. "கொஞ்ச நாளைக்குப் பேச முடியாது கௌசி. போன் வரலைன்னா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். அம்மாவ டிவி பாக்க விடாத" என்றான். மூச்சு வாங்கியது. காற்று இரைந்தது. மலை மேலேதான் என்று தெரிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, பூவை அனுப்பிவிட்டு வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள் கௌசல்யா. சொசைட்டியில் பால் ஊற்றப் போன ஒச்சம்மாள், வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்கு வந்து நின்றாள். கையில் காலித் தூக்கு.

"ஏத்தா, சொசைட்டில ஒரு பய செல்லக் காமிச்சான். நம்ம மோகனு படம். அதுக்கு முன்னால வெளக்கு எரியிது. ஏன்த்தா எரியிது?"

ஒச்சம்மாளுக்கு எழுத்து தெரியாது. படத்துக்குக் கீழே என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் எந்தப் படத்துக்கு முன்னால் விளக்கு எரியும் என்று தெரியும். தெரிந்துகொண்டே கேட்டாள். மருமகள் வேறு ஏதாவது சொல்லிவிடமாட்டாளா என்று அந்தக் கண் கெஞ்சியது.

கௌசல்யா இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். ஊர்க் குழுவில், உறவுக் குழுவில், பூ வியாபாரிகள் குழுவில், எல்லாவற்றிலும் அதே படம். போன வருடத் திருவிழா பிளெக்ஸில் போட்டிருந்த மோகனின் யூனிபார்ம் படம். இரண்டு பக்கமும் ஆடுகிற சுடர். 'நாட்டுக்காக உயிர் நீத்த திண்டுக்கல் மாவீரருக்கு வீரவணக்கம்.'

அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். பிறகு தெளிவாகப் பேசினாள்.

"அத்தை, இது பொய்யிங்க. நெசமா இருந்தா யூனிட்லருந்து மொதல்ல எனக்குத்தான் போன் வரும். எனக்குச் சொல்லாம ஊருக்குச் சொல்ல மாட்டாங்க. வாங்க வீட்டுக்கு."

சொன்னது உண்மைதான். ஆனால் நடக்கும்போது அவளுக்கே அது போதவில்லை. மலை மேலே டவர் இல்லாவிட்டால்? யூனிட்டுக்காரர்கள் கூப்பிட்டுக் கிடைக்காமல் போயிருந்தால்? காலையில் பூ எடுக்கும்போது போனை வரப்பில் வைத்திருந்தாளே, அப்போது அடித்திருந்தால்? நடந்துகொண்டே தவறிய அழைப்புகளைப் பார்த்தாள். எதுவும் இல்லை. யூனிட் நம்பரைக் கூப்பிட்டாள். பிஸி. மறுபடி கூப்பிட்டாள். பிஸி.

வீட்டு வாசலில் அதற்குள் ஆட்கள் கூடியிருந்தார்கள். மோகனின் சித்தப்பா முறையான பெருமாள்சாமி முன்னால் நின்றார். பழைய வார்டு மெம்பர். நல்லது கெட்டது எதிலும் முதல் ஆளாக நிற்பவர். அவர் கையில் ஒரு பெரிய சம்பங்கி மாலை. பக்கத்தில் பந்தல்காரன் கம்புகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான்.

"மனசத் தேத்திக்க தாயி" என்று சொன்னார். "ஏலே, கம்ப இந்தப் பக்கமா ஊனுங்கடா."

"ஊனாதீங்க" என்றாள் கௌசல்யா.

யாரும் கேட்கவில்லை. ஒரு கிழவி தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியைத் தொடங்கியிருந்தாள். உறவுக்காரப் பெண் ஒருத்தி கௌசல்யாவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே அவள் நெற்றிப் பக்கம் கையைக் கொண்டு போனாள். அது ஆறுதலுக்கா, பொட்டை அழிக்கவா என்று தெரியவில்லை. கௌசல்யா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"என் பொட்டுல கை வெச்சீங்கன்னா நடக்கறதே வேறீங்க!"

கூட்டம் அப்படியே பின்வாங்கியது. புல் அறுத்த கருக்கரிவாள் இன்னும் தன் கையில்தான் இருக்கிறது என்பதை அப்போதுதான் அவளே கவனித்தாள். அதைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கு எந்தத் தகவலும் வரலீங்க. தகவல் வராம இந்த வாசல்ல பந்தல் ஏறாது. அழுவறவங்க அவங்கவங்க வீட்டுக்குப் போயி அழுவுங்க. மாமா, அந்த மாலையக் குடுங்க."

பெருமாள்சாமி என்ன செய்வதென்று தெரியாமல் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியில் போட்டாள். மாடு மோந்து பார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது. ஒப்பாரி வைத்த கிழவி வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் யாரும் கலையவில்லை. வேப்ப மரத்தடியிலும் எதிர்வீட்டுச் சுவர் ஓரத்திலும் நின்றுகொண்டு அவள் வீட்டையே பார்த்தார்கள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யூனிட் நம்பரை விடாமல் அடித்தாள். கீரனூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். "புள்ள கையில செல்லக் குடுக்காதீங்கண்ணா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். ஒச்சம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாளோ என்னவோ.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கௌசல்யா சன்னல் வழியாகப் பார்த்தாள். போலீஸ் ஜீப்.

ராணுவத்திலிருந்து சாவுச் செய்தி வந்தால் சில சமயம் போலீஸும் கூட வரும் என்று அவளுக்குத் தெரியும். கதவுத் தாழ்ப்பாளைத் தொட்ட கை அதை இழுக்க மறுத்தது. வெளியே எஸ்.ஐ. மெதுவாகத் தட்டினார்.

"அம்மா, கதவத் தெறங்க."

திறந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவள் அந்தத் தொப்பியையே பார்த்தாள்.

"உங்களுக்கு ஏதாவது தகவல் வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"நீங்கதானுங்க கொண்டு வந்திருக்கீங்க?"

"இல்லம்மா. எங்களுக்கு ஒண்ணும் வரல. வாட்ஸப்புல பாத்துட்டு ஆபீஸ்லருந்து கேட்டாங்க, கூட்டம் கூடிருக்குன்னாங்க, அதான் பாக்க வந்தேன். வெயிலுக்குக் கழட்டினேன், தப்பா எடுத்துக்காதீங்க." அவருக்கே சங்கடமாக இருந்தது.

கௌசல்யா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உச்சி வெயிலில் ஐரின் வந்து சேர்ந்தாள். காலையிலேயே போனில், "அது பொய்யா இருக்கும்க்கா, நான் வாரேன், நீங்க தனியா இருக்காதீங்க" என்று சொல்லியிருந்தாள். வேலைக்கு லீவு போட்டு, சின்னக் குழந்தையை மாமியார் செபாஸ்தியம்மாளிடம் விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவள் முதலில் செய்த காரியம், சோற்றில் மோரை ஊற்றிக் கரைத்து மாமியாருக்கும் மருமகளுக்கும் கொடுத்ததுதான்.

"குடிங்கக்கா. அண்ணனுக்கு ஒண்ணும் ஆகிருக்காது. ஆகிருந்தா அருள் எப்படியாவது எனக்குச் சொல்லிருப்பாரு. ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான இருக்காங்க."

"அருளு எப்பப் பேசுனாரு?"

"புதன்கிழம. அண்ணன் பேசுன அன்னைக்கேதான்."

கௌசல்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகு நேரம் விடவே இல்லை. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், ஐரினின் தோளில் சாய்ந்து அப்போதுதான் அழுதாள். ஐரின் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே ஏதோ ஜெபம் சொன்னாள்.

அப்படி இருக்கும்போதுதான் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

மூன்று பெண்களும் அதையே பார்த்தார்கள். கௌசல்யா பச்சைப் பொத்தானைத் தள்ளத் தெரியாதவள்போலத் தடுமாறி, எடுத்துக் காதில் வைத்தாள்.

"கௌசி, நான்தான்."

ஐரினையும் மாமியாரையும் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். ஒச்சம்மாள் "எஞ்சாமி!" என்று கத்திக்கொண்டு எழுந்தாள். ஐரின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் விரல்களுக்கு மேல் வழிந்தது.

"ஏனுங்க..." என்றாள் கௌசல்யா.

"என்னாச்சு? ஏன் அழுவுற?"

"நீங்க செத்துப்போயிட்டீங்கன்னு ஊரே வந்து வாசல்ல நிக்குதுங்க. உங்க படத்தப் போட்டு, திண்டுக்கல் ஆளு ஒருத்தருன்னு..."

மறுமுனையில் மோகன் ஒன்றும் சொல்லவில்லை. லைன் இருக்கிறதா என்று அவள் திரையைப் பார்த்தாள். இருந்தது. அவன் மூச்சும் கேட்டது. அந்த மூச்சைக் கேட்டுத்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. திண்டுக்கல் ஆள் ஒருவன் என்று எங்கேயோ கசிந்திருக்கிறது. யாரோ அதை மோகன் என்று நினைத்துக்கொண்டார்கள். மோகன் இல்லையென்றால்?

அந்த பட்டாலியனில் திண்டுக்கல் ஆட்கள் இருவர்தான்.

ஐரின் அவள் கையை உலுக்கினாள். "அக்கா, அருளு பக்கத்துல இருக்காரான்னு கேளுங்க. ஒரு நிமிசம் குடுக்கச் சொல்லுங்கக்கா."

"அது யாரு குரலு?" என்றான் மோகன். "ஐரினா?"

"ஆமாங்க. எனக்குத் தொணைக்கு வந்துச்சு."

"கௌசி, மூஞ்சிய மாத்தாமக் கேளு." அவன் குரல் தழைந்தது. "அருளுக்கு அடிபட்ருச்சு. நேத்து பக்கத்துல குண்டு விழுந்துச்சு. நான்தான் தூக்கிட்டு இறங்குனேன். ஹெலிகாப்டர்ல கொண்டு போயிட்டாங்க. இப்ப ஆபரேசன் நடக்குது. ரத்தம் நெறையப் போயிருச்சு. பொழைப்பானான்னு தெரியல. ஆபீசர் முறைப்படி பேசுவாரு. அதுவரைக்கும் நீ எதையும் சொல்லிறாத. கேக்குதா?"

"கேக்குதுங்க."

"சிரி. அந்தப் புள்ள உன்னையத்தான் பாத்துட்டு இருக்கும்."

அவள் சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. லைன் அறுந்தது.

"கட்டாயிருச்சு" என்றாள் ஐரினிடம்.

"போகட்டும்க்கா. அண்ணன் நல்லா இருந்தா அவரும் நல்லாத்தான் இருப்பாரு" என்று சொல்லி, ஐரின் துள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "மோகன் அண்ணன் பேசிட்டாரு! நல்லா இருக்காரு!" என்று அவள் கத்துவது உள்ளே கேட்டது.

வாசல் கோயில் வாசல்போல ஆனது. விசில் அடித்தார்கள். பெருமாள்சாமி யாரையோ கடைக்கு விரட்டினார். சரவெடியும் மிட்டாயும் வந்தன. ஒச்சம்மாள் தெருப் புழுதியில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஐரின் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கௌசல்யா நடுவீட்டில் நின்றாள். ஆபீசர் எப்போது பேசுவார்? சாயங்காலமா, நாளைக்கா? அதற்குள் இந்தக் கூட்டம் என்ன செய்யும்? மோகன் இல்லை என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் யார் என்று தேடும். மரியநாதபுரத்துப் பையன் ஒருவன் இருக்கிறானே என்று எவனாவது சொல்வான். கல்யாண போட்டோவையோ திருவிழா போட்டோவையோ எடுத்து இரண்டு பக்கமும் சுடர் வைப்பான். ஐரின் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து போகும்போது போனை எடுத்துப் பார்ப்பாள். காலையில் வயலில் தான் நின்ற இடத்தில் அவள் நிற்பாள். அவளுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

சொல்லாதே என்றான் புருஷன். அவன் பேச்சை அவள் எதிலும் மீறியதில்லை.

வாசலுக்குப் போய் ஐரினின் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெளியே வெடி விடாமல் வெடித்துக்கொண்டிருந்தது. ஐரின் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐரினு, அருளு உசுரோட இருக்காரு. மொதல்ல அதக் கேட்டுக்க."

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது.

"குண்டு பக்கத்துல விழுந்து அடிபட்ருச்சு. உங்க அண்ணன்தான் தூக்கிட்டு வந்திருக்காரு. ஆஸ்பத்திரியில ஆபரேசன் நடக்குது. ரத்தம் நெறையப் போயிருச்சாம். அதுக்கு மேல அவருக்கே தெரியல. தெரிஞ்சத அம்புட்டையும் சொல்லிட்டேன். ஒண்ணும் மறைக்கல."

ஐரின் அழுவாள், விழுவாள் என்று எதிர்பார்த்து கௌசல்யா கையை நீட்டி வைத்திருந்தாள். அவள் விழவில்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, வேலை செய்கிற இடத்தில் பேசுவதுபோலப் பேசினாள்.

"அவருக்கு ஓ நெகட்டிவ்க்கா. லேசுல கெடைக்காது. எங்க லேப்ல ஒரு ஆளுக்கு வேணும்னா ஊரெல்லாம் போன் போடுவோம். அங்க இருக்குமா? யார்கிட்ட கேக்குறது?" திடீரென்று குரல் உடைந்தது. "நான் வெளிய மிட்டாய் குடுத்துட்டு இருந்தேனேக்கா."

கௌசல்யா அவளை அணைத்துக்கொண்டாள். பிறகு வாசலுக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் முன்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"எங்க வீட்டுக்காரரு படத்தப் போட்டவங்க எல்லாரும் இப்பவே அழிச்சிருங்க. வேற யாரு படத்தையும் போடாதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேனுங்க." பெருமாள்சாமியின் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்க காரு வேணுங்க. திண்டுக்கல் போகணும்."

அவர் ஏன் என்று கேட்க வாயெடுத்தார். கௌசல்யாவுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஐரினைப் பார்த்தார். அந்த மனிதருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையிலிருந்த மிட்டாய்ப் பெட்டியைச் சுவர் மேல் வைத்துவிட்டு, வெடி கொளுத்தப் போனவனைப் பார்த்து, "போதும்டா, அணைடா" என்றார். காரை அவரே ஓட்டினார். கிளம்புமுன் நாலைந்து பேருக்குப் போன் போட்டு, "குரூப்ப அடைங்கடா. ஒருத்தன் எதுவும் போடக் கூடாது. போட்டா என்கிட்ட பேச்சுக் கெடையாது" என்று அதட்டினார்.

செம்பட்டி தாண்டி வரும்போது ஐரினின் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டாள். முதலில் ஒரு ஆபீசர் இங்கிலீஷில் பேசினார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் அப்போது எதுவும் காதில் ஏறவில்லை. பிறகு தமிழ் பேசுகிற ஒரு சுபேதார் போனை வாங்கினார்.

"அம்மா, பதறாமக் கேளுங்க. ஆபரேசன் முடிஞ்சிருச்சு. இடது கால முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியதாப் போச்சு. ரத்தம் ஏத்தியாச்சு. இன்னும் கண்ணு முழிக்கல. முழிச்சாத்தான் நாங்க உறுதியாச் சொல்ல முடியும்."

"ரத்தம் கெடைச்சுதா?" என்று ஐரின் கேட்டாள்.

"இங்க பசங்களே குடுத்துட்டாங்கம்மா."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். பெருமாள்சாமி வண்டியை ஓரமாக நிறுத்தினார். லாரிகள் உறுமிக்கொண்டு கடந்து போயின. கௌசல்யா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மரியநாதபுரத்தில் செபாஸ்தியம்மாள் வாசலில் பேரனைக் காலில் கிடத்திச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. செய்தியை அவர்கள் முந்திக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தக் கிழவிக்கு அதை மருமகள்தான் தன் வாயால் சொன்னாள். அன்றைக்கு கௌசல்யாவால் ஆன காரியம் அதுதான்.

சனிக்கிழமை மாலை சண்டை நின்றது என்று டிவியில் சொன்னார்கள். தெருவில் எங்கேயோ வெடி வெடித்தது. அந்த வீட்டில் யாரும் அசையவில்லை. அருள்நாதன் இன்னும் கண் விழிக்கவில்லை. கௌசல்யா ஆத்தூருக்குப் போகாமல் அங்கேயே இருந்தாள். பூவை ஒச்சம்மாளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து செபாஸ்தியம்மாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் போன் வந்தது. அருள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். அப்புறம், புதன்கிழமை ஐரின் போனில் சொல்லியிருந்த பிள்ளையின் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று கேட்டானாம்.

மறுநாள் ஐரின் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பையில் துணிகளை அடுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. அண்ணன் போன் பண்ணதும் உங்க மூஞ்சில ஒரு சந்தோசம் வந்துச்சு பாருங்க, அதையே நெனச்சுட்டு இருக்கேன். என்னால மறக்க முடியல. கொஞ்ச நாளைக்கு எனக்குப் போன் பண்ணாதீங்க."

அந்தச் சந்தோஷம் உண்மை. அது வந்த நேரத்தில் அருள் ஆபரேஷன் மேஜையில் கிடந்தான் என்பதும் உண்மை. "சரிங்க" என்றாள் கௌசல்யா. தன்னைவிடச் சின்னவளிடம், இதுவரை அவளிடம் மட்டும் வராத அந்த 'ங்க' தானாக வந்தது.

ஆடியில் மோகன் லீவில் வந்தான். இளைத்திருந்தான். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பான். "சொல்லாதன்னு சொன்னேன்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். "சொல்லாம இருக்க முடியலீங்க" என்றாள். அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ சொன்னதுதான் சரி" என்றான். மறுபடி மலைக்கே போனான்.

புனேயில் செயற்கைக் கால் பொருத்தும் இடத்தில் அருள் மாதக்கணக்கில் இருந்தான்; கூடவே ஐரினும். ஐரினிடமிருந்து போன் வரவில்லை. கௌசல்யாவும் கூப்பிடவில்லை. மாதம் ஒரு தடவை மரியநாதபுரம் போய்ச் செபாஸ்தியம்மாளைப் பார்த்து, குழந்தையோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவாள். அப்படி ஒரு நாள் போயிருந்தபோது ஐரினின் வீடியோ கால் வந்தது. குழந்தையைக் காட்டப் போனைத் திருப்பிய செபாஸ்தியம்மாள் கௌசல்யாவையும் சேர்த்துக் காட்டிவிட்டாள். இரண்டு பெண்களும் திரையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, இன்னைக்குக் கம்பியப் பிடிக்காம நடந்தாரு" என்றாள் ஐரின்.

தை பிறந்து அருள் ஐரினோடு ஊர் வந்தான். வரவேற்புக்கு மேளமும் பிளெக்ஸும் வைக்கிறோம் என்றவர்களை ஐரின் போனிலேயே ஒரேயடியாகத் தடுத்துவிட்டாள். திண்டுக்கல் ஸ்டேஷனுக்குச் செபாஸ்தியம்மாளும் குழந்தையும் கௌசல்யாவும் மட்டும்தான் போனார்கள். அருள் ரயில் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து, புதுக் காலை முதலில் வைத்து, மெதுவாக இறங்கினான். யாரையும் பிடிக்கவிடவில்லை. இறங்கி நின்றதும் கௌசல்யாவைத்தான் பார்த்தான்.

"அண்ணி, அண்ணன் என்னயத் தூக்கிட்டு இறங்கும்போது வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தாரு. அப்படி ஒரு திட்டு. பதிலுக்குத் திட்டணும்னுதான் நான் மயங்காம இருந்தேன்."

ஐரின் சிரித்தாள். மாமியாரிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்திருந்த குழந்தையை கௌசல்யாவிடம் கொடுத்துவிட்டுப் பெட்டிகளைத் தூக்கினாள்.

அன்று சாயங்காலம் மோகன் கூப்பிட்டான். கௌசல்யா எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்னன்னுங்க திட்டுனீங்க?"

"அதெல்லாம் போன்ல சொல்ற மாதிரி இல்ல" என்றான். சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டாள். அதற்குப் பின்னால் காற்று இரைந்துகொண்டிருந்தது. என்னவோ சொல்ல வந்தான். அதற்குள் லைன் போய்விட்டது.

கௌசல்யா போனை மடியில் வைத்துக்கொண்டு, அது மறுபடி அடிக்கும் என்று உட்கார்ந்திருந்தாள்.